நல்லதைப் பார்த்தால் வாயில் ஏன் ஆங்கிலம் வருகிறது?

வாசகர் கேள்வி, டிசம்பர் 21

நேற்று மயிலாப்பூரில் ஒரு கச்சேரி. தோடி ராக ஆலாபனை முடிந்ததும் பின்வரிசையில் ஒருவர் ‘டிவைன்’ என்றார். பக்கத்தில் இருந்த பையன் ‘வேற லெவல்’ என்றான். என் வாயில் வந்தது ‘ஆசம்’. வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாப்பாடு, படம், கோயில் கோபுரம், பக்கத்து வீட்டுக் குழந்தை வரைந்த யானை, எல்லாவற்றுக்கும் ‘சூப்பர்’ ஒன்றுதான் சொல்கிறேன். சாதாரணத்தைத் தாண்டிய ஒன்றைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையா? இருந்தது செத்துப்போய்விட்டதா?

டிசம்பர் 21, இரவு

சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. அருமை, அபாரம், அற்புதம், பிரமாதம், ஜோர், தூள், பேஷ், சபாஷ், பலே, கனகச்சிதம், பத்தரைமாற்று. யோசிக்காமல் எழுதியதே இத்தனை.

நான் மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். படித்தது தமிழ் இலக்கியம். இரண்டு காரணத்தாலும் இந்தக் கேள்வி என்னை விடாது. கடையில் நாள் முழுக்க ‘சூப்பர்க்கா’ கேட்கிறேன். ஆங்கிலச் சொல் வந்து உட்கார்ந்ததில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. பாராட்டும்போது எது நன்றாக இருந்தது என்று சொல்வது குறைந்துகொண்டே வருகிறது, வருத்தம் அதில்தான். கிறிஸ்துமஸ் துணி குவிந்து கிடக்கிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 22, காலை

முதலில் பழைய கணக்கு. ‘சூப்பர்’ அந்நியம், ‘சபாஷ்’ நம்முடையது என்று நினைப்பவர்களுக்காக இது.

சபாஷ் பாரசீகத்திலிருந்து வந்தது. ‘மகிழ்ந்திரு’ என்பது அதன் அடிப்பொருள். பேஷும் பாரசீகம்தான். மேடையில் மூக்குப்பொடி மணக்க ‘பேஷ் பேஷ்’ சொன்ன தாத்தாக்கள் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்க மாட்டார்கள். ஜோர் என்றால் உருதுவில் வலு. பலே இந்துஸ்தானி வழியாக வந்தது. நவாபும் மராட்டியரும் இங்கே ஆண்டார்கள். தர்பாரில் கேட்ட பாராட்டு தெருவுக்கு இறங்கி வந்து, நம் தாத்தா பாட்டிக்குத் தாய்மொழியாகவே ஆகிவிட்டது.

அதற்கு முன் வந்த சமஸ்கிருதச் சொற்கள் இன்னும் சுவாரசியம். அபாரம் என்றால் கரை இல்லாதது. அட்டகாசம் என்பது வெடித்துச் சிரிக்கும் பெருஞ்சிரிப்பு. பிள்ளைகள் அட்டகாசம் பண்ணுகிறார்கள் என்று திட்டுவதும், பாட்டு அட்டகாசம் என்று மெச்சுவதும் அந்த ஒரே சொல். பிரமாதத்துக்கு சமஸ்கிருதத்தில் கவனப்பிசகு, தவறு என்று பொருள். அந்தச் சொல் தமிழுக்கு வந்து மிகுதியைக் குறித்து, கடைசியில் ‘சாம்பார் பிரமாதம்’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆங்கிலமும் நேற்று வந்தது இல்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது 1856-ல். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல். ரயில் பெட்டி, பரீட்சை இரண்டும் சேர்ந்து ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ என்பதை ஊருக்குப் பழக்கிவிட்டன. காபியும் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆனது, மாப்பிள்ளையும் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆனார். பெட்டிக்கடையிலும் மிக்சர் பாக்கெட்டிலும் பார்க்கிற ‘ஏ ஒன்’ கப்பலில் வந்தது. லண்டன் லாயிட்ஸ் கப்பல் பதிவேட்டில், கப்பலின் உடல் எவ்வளவு உறுதி என்பதற்கு ஒரு எழுத்து போடுவார்கள். நங்கூரம், வடம் மாதிரியான சாமான்களுக்கு ஒரு எண். இரண்டிலும் முதல் தரம் என்றால் ஏ ஒன். 18-ஆம் நூற்றாண்டுக் கப்பல்காரர்களின் மதிப்பெண் இன்று கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மேல் ஒட்டியிருக்கிறது.

டிசம்பர் 22, மதியம்

‘அப்படியானால் எல்லாவற்றையும் துரத்திவிட்டுத் தனித்தமிழில் பாராட்டுவோம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். 1916 வாக்கில் மறைமலையடிகள் தொடங்கிவைத்த அந்த இயக்கம் இல்லாவிட்டால் இன்று மேடைகளில் பாதிப் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். நமஸ்காரம் போய் வணக்கம் வந்தது. அக்ராசனர் போய்த் தலைவர் வந்தார்.

ஆனால் வணக்கம் யோசித்துச் சொல்வது. கை கூப்பும்போதே சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. பாராட்டு தும்மல் போல வரும். வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று நமக்கே தெரியும். அதற்குப் பட்டியல் போட்டுக் கொடுத்துப் பயன் இல்லை. வாயில் ஊறியது எதுவோ அதுதான் வரும்.

டிசம்பர் 26

துணி எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது எழுதலாம்.

கடையில் ஒரு ரவிக்கையைப் போட்டுப் பார்க்கிற பெண்கள் பெரும்பாலும் கண்ணாடி முன்னால் ஒரு திருப்பு திரும்பிவிட்டு ‘சூப்பரா இருக்குக்கா’ என்று சொல்லி, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சந்தோஷம்தான். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த ரவிக்கைக்கு நான் என்ன செய்ய முடியும்? கழுத்து சரியா, கை சரியா, உடம்பு வளைவுக்காக டாட் என்று ஒரு மடிப்பு பிடிப்போமே, அந்த இடம் சரியா, எதுவும் தெரியாது. சூப்பர் என்று சொன்னவரே அடுத்த முறை வேறு கடைக்குப் போவதும் நடக்கிறது.

மாட்டுத்தாவணிப் பக்கம் பூக்கட்டி விற்கிற ஓர் அம்மா என்னிடம்தான் தைப்பார்கள். வாங்கிக்கொண்டு போய், இரண்டு நாள் உடுத்திப் பார்த்துவிட்டு வந்துதான் பேசுவார்கள். போன வாரம் வந்தார்கள். ‘ஏத்தா, நாள் முழுக்கக் குனிஞ்சு பூக் கட்டுறேன், முதுகுல ஒரு சுருக்கம் விழல. பரண்ல கிடக்கிற கூடையை எடுக்கக் கையைத் தூக்குனா ரவிக்கை மேல ஏறல. தோள்பட்டை இறங்கல. ஆனா அக்குள்ல ஒரு நூல் பிடிச்சிருக்கலாம்.’ அவ்வளவுதான். அருமை, அற்புதம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

சுருக்கம் விழவில்லை என்றால் முதுகு அளவும் டாட்டும் ஒத்துப் போயிருக்கின்றன என்று அர்த்தம். கை தூக்கினால் ஏறவில்லை என்றால் ஆர்ம்ஹோல், அதாவது கை பொருத்துகிற வளைவு, வெட்டியது சரி. அந்த வெட்டைத் தளர்த்தினால் கை தூக்க வசதி என்று நினைப்பார்கள், நடப்பது நேர்மாறு. கீழே இறக்கி வெட்டிய ஆர்ம்ஹோல்தான் கையைத் தூக்கும்போது மொத்த ரவிக்கையையும் இழுத்துக்கொண்டு மேலே போகும். அக்குளுக்கு ஒட்டி வெட்டினால்தான் கை தனியாக அசையும். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. அந்த அம்மா தையல் தெரியாமலேயே அதைத் தொட்டுச் சொல்கிறார்கள். நான் ‘பாராட்டு’ என்று சொல்வது இதைத்தான்.

இதற்குத் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல் என்ற பேதமே இல்லை. ‘அக்கா, உங்க ஃபிட்டிங்ல ஷோல்டர் இறங்கவே இல்ல’ என்று ஒரு கல்லூரிப் பெண் சொன்னாலும் எனக்கு அதே நிறைவுதான்.

டிசம்பர் 27

சினிமாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்துதான் பாதி வந்தது, உண்மை.

ஒரு காலத்தில் படத்தைப் புகழ நாள் கணக்கு போதும். ஐம்பது நாள், நூறு நாள், வெள்ளிவிழா. 1944-ல் வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ‘மூன்று தீபாவளி கண்ட படம்’ என்பதில் உரிச்சொல்லே கிடையாது. நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள், அதுவே ஆகப்பெரிய புகழ்ச்சியாகிவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடியும் முன்பே போஸ்டரில் ‘பிளாக்பஸ்டர்’. அந்தச் சொல் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு தெருத்தொகுதியையே தகர்க்கும் பெரிய குண்டுக்கு வைத்த பெயர். ஆனால் குண்டு வெடிப்பதை நாமும் விடவில்லை. தெறி, பட்டாசு, சரவெடி. அமர்க்களம் என்றாலே போர்க்களம்தான். நன்றாக ஆடினால் ‘பின்னிட்டான்’, ‘நொறுக்கிட்டான்’, இன்னும் நன்றாக ஆடினால் ‘கொன்னுட்டான்’. ஆக, மிகையாகச் சொல்வதை ஆங்கிலம்தான் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல முடியாது.

மாஸ், கிளாஸ் இரண்டும் தியேட்டர்க்காரர்களின் கணக்கிலிருந்து வந்தவை. ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று ஊர்களைப் பிரித்தார்கள். கூட்டம் வருகிற படம் மாஸ், மெத்தப் படித்தவர் பார்க்கிற படம் கிளாஸ். இந்தப் பிரிவினையில் ஒரு மேட்டிமை இருந்தது. தமிழ்ச் சனம் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. ‘செம மாஸ்’ என்றால் கம்பீரம், ஒரு ஆள் நடந்து வந்தாலே இடம் நிறைந்துபோவது. கிளாஸ் என்பது அதற்கு ஒரு படி கீழாகக்கூடக் கேட்கிறது சில வாயில். எனக்கு இது மிகவும் பிடித்த திருப்பம்.

டிசம்பர் 27, இரவு

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் எழுதியிருப்பதைக் கட்டாயம் படியுங்கள். அங்கே மிக நன்றாக இருந்ததை ‘அந்தமாதிரி இருந்தது’ என்பார்கள். சாப்பாடு அந்தமாதிரி, கலியாணவீடு அந்தமாதிரி. நம் ஊரில் அதையே சொன்னால் ஆள் ஒரு மாதிரி பார்ப்பார். இரண்டு ஊர் ஆட்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்து இன்று தைக்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லின் போக்கைப் பாருங்கள். எந்த மாதிரி என்று சொல்லாமல், கேட்பவரையே நினைத்துக்கொள்ளச் சொல்கிறது. நம் ‘வேற லெவல்’ செய்வதும் அதுவே. எந்த லெவல்? வேற. அவ்வளவுதான். சொல்ல முடியாததைச் சொல்லாமலே காட்டிவிடுகிற அந்தப் பழக்கம் தமிழுக்குப் புதிதில்லை. ‘சொல்லி மாளாது’, ‘அதை ஏன் கேக்குற’ என்கிறோமே.

அவர் சொல்லும் இன்னொரு சொல் ‘திறம்’. ‘திறமான பிட்டு’. நம் பக்கம் திறமை ஆளுக்குத்தான், அங்கே பிட்டுக்கும் உண்டு. அதை இங்கே கொண்டுவரலாம் என்று எனக்கு ஆசை.

டிசம்பர் 30

‘செம’ ஒரு மோசமான சொல், மொழியைக் கெடுக்கிறது என்று இரண்டு பேர். இதில் நான் செம பக்கம்.

நன்னூலில் ஒரு வரி உண்டு: ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’. ஆறும் மிகுதியைக் காட்டும் உரிச்சொற்கள். பத்தாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். சாலச் சிறந்தது, உறுபசி, நனிசிறந்தது, கூர்மதி, கழிபேருவகை. மதிப்பெண்ணுக்காகப் படித்ததால் அவை ஒரு காலத்தில் ஜனங்கள் வாயில் புழங்கியவை என்பதே மறந்துபோனது. சால இன்றும் தெலுங்கில் ‘சாலா பாகுந்தி’ என்று உயிரோடு நடமாடுகிறது.

செம அந்த ஆறு பேர் செய்த வேலையை அப்படியே செய்கிறது. எந்தச் சொல்லுக்கு முன்னாலும் வரும், தன் உருவம் மாறாது, மிகுதியை மட்டும் ஏற்றும். செம படம், செம மழை, செம அடி, செம தலைவலி. நல்லது கெட்டது பார்க்காது. உறுபசியில் ‘உறு’ நல்லதா கெட்டதா பார்த்ததா? இலக்கணம் படித்தவர்கள் இதைக் கண்டு மகிழ வேண்டும் என்று நினைக்கிறேன். ‘சூப்பர்’ இந்த வேலைக்கு இன்னும் முழுசாக வரவில்லை. சூப்பர் படம் சரி. சூப்பர் தலைவலி என்று யாரும் சொல்வதில்லை.

ஜனவரி 2

இன்று வேறொரு சொல் மண்டைக்குள் ஓடுகிறது: ‘கூஸ்பம்ப்ஸ்’.

என் மகள் தொலைபேசியில் ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். முடி குத்திட்டு நின்றது. ‘அம்மா, கூஸ்பம்ப்ஸ்’ என்றாள். ‘புல்லரிக்குதுன்னு சொல்லேன்டி’ என்றேன். ‘ஐயோ அம்மா, அது கலாய்க்கிறதுக்குச் சொல்றது’ என்றாள்.

அவள் சொன்னது முழுக்க உண்மை என்பதுதான் என்னை உலுக்கியது. ‘அடடா, புல்லரிக்குதுப்பா’ என்று இன்று யாராவது சொன்னால் கேலி செய்கிறார்கள் என்று பொருள். உடம்பில் நிஜமாகவே மயிர்க்கூச்செறியும்போது அந்தச் சொல்லை எடுத்தால், சொல்பவரே தன்னைக் கேலி செய்துகொள்வது போல ஆகிவிடும். சொல் இருக்கிறது, பொருள் இருக்கிறது, ஆனால் அதன் நேர்மை போய்விட்டது.

அந்த நேர்மையைத் தேய்த்தது ஆங்கிலம் கிடையாது. நாமேதான். வரலாறு காணாத, மகத்தான, மாபெரும், ஈடு இணையற்ற என்று ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு சுவரொட்டியிலும் எழுதி எழுதி, அந்தச் சொற்களை யாரும் நம்பாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். எதற்கெடுத்தாலும் மெய்சிலிர்த்தார்கள், ஆனந்தக்கண்ணீர் வடித்தார்கள். அந்த மேடைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தமிழில் பெருஞ்சொல் வந்தாலே நகைச்சுவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மனசாரச் சொல்ல நினைக்கும்போது, கேலி படாத ஒரு சொல்லைத் தேடி ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். ‘கூஸ்பம்ப்ஸ்’ என்று அவள் சொன்னபோது அதில் துளிப் பொய் இல்லை. கை அப்படியே நின்றிருந்தது.

ஜனவரி 3

நேற்று எழுதியதற்கு ஒரு தொடர்ச்சி. இரவு தூக்கம் வராமல் தொல்காப்பியத்தை எடுத்தேன்.

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதை அது மெய்ப்பாடு என்கிறது. அந்த எட்டில் ஒன்று மருட்கை. வியப்பில் ஆள் மருண்டு நிற்பது. அது எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு சொல்கிறது: ‘புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு’. புதியதைக் கண்டால். மிகப் பெரியதைக் கண்டால். மிகச் சிறியதைக் கண்டால். ஒன்று வேறொன்றாக மாறுவதைக் கண்டால்.

சிறுமையைச் சேர்த்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆங்கிலப் பெருஞ்சொற்கள் பெரும்பாலும் உயரத்தையும் பருமனையும் பேசுகின்றன. சூப்பர் என்றாலே மேலே. லெவல் என்றால் படி. டாப் என்றால் உச்சி. ஆலந்தளிர் முளைப்பதை, பிறந்த குழந்தையின் கைநகத்தை, எங்கள் ஊர்ச் சுங்குடிச் சேலையில் கடுகு அளவு துணியைப் பிடித்து நூல் சுற்றிப் போடும் முடிச்சைப் பார்த்து வாய் பிளப்பதற்கும் இங்கே இடம் வைத்திருக்கிறார்கள். சுங்குடி முடிச்சு போடுகிற சௌராஷ்டிர வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் மெச்சும்போது ‘பொடிசா விழுந்திருக்கு’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொடிசு என்பதே புகழ்ச்சி. இதற்கு எந்த லெவலும் வேண்டியதில்லை.

ஜனவரி 6

‘சாதாரணத்தைத் தாண்டிய அனுபவம்’ என்று கேள்வியிலேயே இருக்கிறது. அதை நான் இன்னும் தொடவே இல்லை என்று ஒருவர் குறைப்பட்டார். சரி.

காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் என்ற வைணவ ஆசாரியர் இருந்தார். கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் சிலர் ஒரு பதிகம் பாடினார்கள். ‘ஆராவமுதே’ என்று தொடங்குகிறது. கடைசியில் ‘ஆயிரத்துள் இப்பத்தும்’ என்று வருகிறது. அப்படியானால் மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. அதைத் தேடி நாதமுனிகள் கும்பகோணம் போனார், அங்கிருந்து ஆழ்வார்திருநகரி போனார். நம்மாழ்வாரைப் போற்றி மதுரகவியார் பாடிய ‘கண்ணிநுண்சிறுத்தாம்பு’ பதிகத்தைப் பன்னீராயிரம் முறை ஓதினார். நம்மாழ்வார் தாம் பாடிய அந்த ஆயிரத்தையும், கூடவே மற்ற ஆழ்வார்களின் பாசுரங்களையும் அருளினார் என்பது வைணவ குருபரம்பரைக் கதை. திவ்வியப் பிரபந்தம் நமக்குக் கிடைத்தது இப்படித்தான் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

நான் பக்தியில் ஊறியவள் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லின் முன்னால் நிற்கிறேன். ஆரா அமுது. எவ்வளவு உண்டாலும் திகட்டாத, போதும் என்று தோன்றாத அமுது. இனிப்பு என்றால் திகட்டும் என்பது சாப்பிட்ட எல்லோருக்கும் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டே, திகட்டாத ஒன்றை நம்மாழ்வார் சொல்கிறார். உயரம் இல்லை, வெடி இல்லை. நாக்கு மட்டும் இருக்கிறது. கும்பகோணம் சாரங்கபாணிக்கு அதுவே பெயராகி ஆராவமுதன் என்று ஆனது.

ஒரு பாராட்டு கேட்டவரை ஊர் ஊராக அலையவிட்டது என்றால் அந்தப் பாராட்டுக்குள் எதையோ பார்த்த கண் இருக்கிறது. ‘டிவைன்’ என்று சொன்னவரைக் குறை சொல்லவில்லை. அவர் உள்ளுக்குள்ளும் அப்படி ஒன்று நடந்திருக்கும். அந்தத் தோடி அவருக்கு எப்படி இருந்தது என்று இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நமக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

ஜனவரி 6, இரவு

மலேசியாவிலிருந்து ஒருவர்: அங்கே மலாய்க்காரர்களும் தமிழர்களும் நன்றாக இருந்ததை எல்லாம் ‘பெஸ்ட்’ என்கிறார்களாம். ‘படம் பெஸ்ட் லா.’ ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சொல்கிற சொல், ஒப்பிட எதுவுமே இல்லாமல் வெறும் ‘நல்லா இருந்துச்சு’ ஆகிவிட்டது. சொற்கள் தேயும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

ஜனவரி 18

பொங்கல் முடிந்து கடை திறந்தாயிற்று. தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குப் போயிருந்தேன், தம்பி கூட்டிப்போனான். இந்த விவாதத்துக்கு அங்கே இத்தனை கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மைக்கில் பேசுகிறவர் காலையிலிருந்து ஓயாமல் பேசுகிறார். எண்ணிப் பார்த்தால் அவர் அதிகம் சொன்ன புகழ்ச்சி ‘சூப்பர் மாடுப்பா, சூப்பர் மாடு’ தான். ஆனால் அது அவர் பேச்சில் வெறும் முழக்கம். மாடு வாடிவாசலைத் தாண்டும் அந்த சில நொடிகளில் அவர் சொல்வதைக் கேளுங்கள். ‘தொட்டுப் பார், தொட்டுப் பார்! நின்னு விளையாடுது மாடு! ஒரு ஆள் பிடிங்கப்பா, வாலை விடு, கொம்பைப் பிடிக்காதே, திமிலைப் பிடி! விட்டுட்டான்… மாடு வெற்றி!’

‘நின்னு விளையாடுது’ என்றால் என்னவென்று பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். வாசலை விட்டுத் தெறித்து ஓடிப்போகிற மாடு ஒரு ரகம், யாரும் தொட முடியாது, ஆனால் பார்க்கவும் ஒன்றும் இல்லை என்றார். இன்னொரு ரகம் வெளியே வந்து நிற்கும். சுற்றிப் பார்க்கும். ஆள் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று பார்த்துத் திரும்பும். தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கும், ஒருவனும் கிட்டே அண்ட முடியாது. அது நின்று விளையாடுகிற மாடு. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்படி ஒன்று வந்தது. கறுப்பு, கழுத்தில் மஞ்சள் துண்டு. வாசலுக்கு எதிரே வந்து நின்றது, தலையைத் தாழ்த்தி மண்ணை மோந்தது. அத்தனை பையன்களும் தடுப்போடு ஒட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் மைக்கிலும் சத்தம் இல்லை. பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை, ‘பாத்தியா’ என்று மட்டும் சொன்னார்.

அந்த மைக்குக்காரரிடம் இரண்டும் இருக்கின்றன, பொதுவான சூப்பரும் குறிப்பான ‘நின்னு விளையாடுது’ம். ஒன்று இன்னொன்றை விழுங்கவில்லை. மாட்டை அறிந்த கூட்டம் முன்னால் இருப்பதால் விழுங்க விடாது.

ஜனவரி 18, இரவு

ஆகவே எனக்கு இப்போது இன்னொரு கவலை. கூட்டம் அறியாத கூட்டமாக ஆகும்போதுதான் பொதுச்சொல் வெல்கிறது. நட்சத்திரம் கொடுக்கச் சொல்லும் செயலிகள், ‘அருமையான பதிவு’ என்று எழுதிவிட்டு நகர்கிற நாம், பள்ளி நோட்டில் ‘வெரி குட்’ முத்திரை. என் மகளின் கட்டுரை நோட்டில் எல்லாப் பக்கத்திலும் ‘வெரி குட்’. எந்த வரி நன்றாக இருந்தது என்று ஒரு பக்கத்தில்கூட இல்லை. ஆசிரியர் மேல் பழி போடவில்லை, ஒரு வகுப்பில் அத்தனை நோட்டு. ஆனால் எனக்குத் தமிழ் நடத்திய ஐயா ஒரு வரியின் கீழ் கோடு போட்டு ‘இங்கே நின்றேன்’ என்று எழுதினார். நான் தமிழ் படிக்கப் போனதே அந்தக் கோட்டால்தான்.

ஜனவரி 23

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ‘சரி, அந்தப் பாடகரை மறுபடி பார்த்தால் நான் என்னதான் சொல்வது?’

ஆசம் என்றே சொல்லுங்கள், வாயில் வந்தால் வரட்டும். அதன் பின்னால் ஒரு வாக்கியம் சேருங்கள். தோடியில் காந்தாரம் என்ற ஸ்வரத்தில் ஓர் அசைவு இருக்கும், ராகத்தின் உயிரே அதில் இருக்கிறது என்பார்கள். அங்கே அவர் நின்றது உங்களைப் பிடித்ததா? அப்படியே சொல்லுங்கள். ஸ்வரம் தெரியாதா? ‘மேலே போய்விட்டு மெதுவாக இறங்கினீர்களே, அங்கே எனக்கு மூச்சு நின்றது’ என்றால் அவருக்கு எந்த இடம் என்று உடனே தெரியும். பழைய ரசிகர்கள் வாயைத் திறக்காமல் நாக்கை ‘ட்ச்’ என்று கொட்டுவார்கள். சரியான இடத்தில் விழுந்தால் வித்வான் தலையைத் திருப்பி அந்த வரிசையைப் பார்ப்பார். தப்பான இடத்தில் கொட்டினாலும் பார்ப்பார், அது வேறு பார்வை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழிலுக்குள் புழங்கும் மெச்சுச்சொற்களைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். தையலில் ‘கழுத்து உக்காந்திருக்கு’. சுங்குடியில் ‘பொடிசா விழுந்திருக்கு’. வாடிவாசலில் ‘நின்னு விளையாடுது’. பொன்வேலையில் பத்தரைமாற்று. எங்கள் தெருப் புரோட்டாக் கடை மாஸ்டர் இன்று காலை ஒன்று கொடுத்தார்: நல்ல வீச்சை ‘மேசை தெரியுது’ என்பாராம், அடியில் இருக்கிற கல்மேசை மாவு வழியாகத் தெரிகிற அளவு மெலிசு. பந்தல் போடுகிறவர்கள், கொத்தனார்கள், நெசவு வீடுகள், கடலுக்குப் போகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுடையதையும் எழுதுங்கள். ஆங்கிலச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை, எதைப் பார்த்துச் சொல்வது என்று மட்டும் சேர்த்து எழுதுங்கள்.